வீட்டில் கார்பைட் இருக்கிறது

எங்கள் ஊரில் கார்பைட் என்றால் கல். மாங்காயை அவசரமாகப் பழமாக்குவதற்குச் சிலபேர் பொட்டலமாகக் கட்டிக் கூடைக்குள் வைக்கிற சாம்பல் நிறக் கல். அந்தச் சொல்லைக் கீரமங்கலம் கடைத்தெருவில் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். இது எனக்கும் தெரியும். இதே ஊர்க்காரன்தான் நான், அதுவும் மாம்பழ மண்டி நடத்துகிறவளைக் கட்டிக்கொண்டவன். அப்படி இருந்தும் மண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, கைபேசியில், நாலு பேர் காதுபட அந்தச் சொல்லைக் கத்தியிருக்கிறேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது? என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

எனக்கு வேண்டியிருந்தது வேறு கார்பைட். அதைச் சொல்லவேண்டுமானால் கடைசலில் இருந்து தொடங்கவேண்டும்.

கல்லூரி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்குக் கடைசல் பைத்தியம் பிடித்துவிட்டது. கட்டையை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியை அதன்மேல் பிடித்து, கிண்ணமாகவோ கட்டில் காலாகவோ கடைந்து எடுக்கிற வேலை. புயலில் விழுந்த பலாமரம் கொல்லைப்புறத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. அதை விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சின்னதாக ஒரு கடைசல் இயந்திரம் வாங்கிப் பின்கொட்டகையில் வைத்தேன். மண்டிக்குப் போய் ஒத்தாசை செய்வார் என்று எதிர்பார்த்திருந்த மனைவி, ஆளை வீட்டுப் பக்கமாவது பார்க்க முடிகிறதே என்று விட்டுவிட்டாள்.

எஃகு உளியோடு எனக்கு ஒத்துவரவில்லை. பலாக்கட்டை பால் காய்ந்து இறுகியது. கொஞ்சம் கடைந்தால் உளி மழுங்கிவிடும். மழுங்கினால் சாணை பிடிக்கவேண்டும். சாணை பிடிப்பதற்கு ஒரு சாய்வுக் கோணம் இருக்கிறதாம். என் கையில் அந்தக் கோணம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வந்தது. உளி தேய்ந்ததுதான் மிச்சம். அப்போதுதான் யூடியூபில் ஒருவர் கார்பைட் உளி என்று ஒன்றைக் காட்டினார். நகக்கண் அளவுக்கு ஒரு சதுர வில்லை. எஃகைவிடக் கெட்டி. இரும்புக் கம்பியின் நுனியில் அதை ஒரு திருகால் இறுக்கிவிட்டால் போதும். ஒரு பக்கம் மழுங்கினால் திருகைத் தளர்த்தி அடுத்த பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். நாலு பக்கமும் தீர்ந்தால் வில்லையைத் தூக்கிப் போட்டுவிடலாம். சாணை என்கிற பேச்சே கிடையாது. அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் சாணை கிடையாது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

கடையில் தயாராகவே விற்கிறார்கள். ஆனால் செய்துகொள்ள முடிகிற பொருளை வாங்குவது எனக்கு ஆகாது. இந்தக் குணத்தால் வீட்டில் பல பொருட்கள் பாதியில் நிற்கின்றன.

அறந்தாங்கிக்குப் போய் இரும்புக் கடையில் சதுரக் கம்பி வாங்கி வந்தேன். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, கம்பியின் நுனியில் வில்லை உட்காருகிற அளவுக்கு ஒரு படி வெட்டி, நடுவில் துளை போட்டு, திருகு ஏறுவதற்குத் துளைக்குள் மரை போட்டுத் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் கம்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“எதுக்கு சார் இது?”

“உளி.”

“உளின்னா நுனியை அடிச்சுத் தட்டையாக்கித் தரணும். நீங்க மொக்கையாக் கேக்கிறீங்க.”

மொக்கையாகத்தான் இருக்கவேண்டும் என்று சொன்னேன். அவருக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். மரை போடும்போது அவருடைய கருவி துளைக்குள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டது. அந்தக் கம்பி அதோடு போயிற்று. அடுத்த கம்பியில் படி ஆழமாகிவிட்டது. அதற்கடுத்தது ஒருவழியாக அமைந்தது. வேப்பங்கட்டையில் கைப்பிடி கடைந்து, அது பிளந்துவிடாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்துப் பூணாக மாட்டினேன். கைப்பிடி கடையப் பழைய எஃகு உளியைத்தான் சாணை பிடிக்கவேண்டியிருந்தது.

வில்லைகளைக் கைபேசியில் சொல்லி வரவழைத்தேன். வீடு சந்துக்குள் இருப்பதால் கொரியர்காரருக்கு எப்போதும் மண்டி விலாசம்தான் கொடுப்போம். சின்ன டப்பா வந்தது. மேலே ஆங்கிலத்தில் கார்பைட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மனைவி கல்லாவுக்கு அடியில் எடுத்து வைத்து, “ஒங்க வில்லை வந்திருக்கு” என்றாள். தலைவலி மாத்திரை மாதிரி.

ஆசையாகக் கொண்டுபோய் மாட்டினேன். வெட்டவில்லை.

வெட்டவில்லை என்றால் சுத்தமாக வெட்டவில்லை. கட்டைமேல் உரசியது. கிறீச்சென்றது. புகை வந்தது. பலாக்கட்டையின் மஞ்சளில் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது. பக்கம் திருப்பி வைத்தேன், அதே கதை. நாலு பக்கமும் திருப்பியாயிற்று. இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். உளியைத் தாழ்த்தினேன், உயர்த்தினேன். எஃகைவிடக் கெட்டி என்று சொன்ன பொருள் வெண்ணெய்க் கத்தி அளவுக்குக்கூட வேலை செய்யவில்லை. யூடியூப்காரர் ஏமாற்றுகிறாரா, வில்லை போலியா, என் கைதான் கோணலா என்று தெரியவில்லை. மூன்றின் மேலும் கோபம் வந்தது.

தஞ்சாவூரில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரும் கடைசல் பைத்தியம்தான். அவரிடம் கார்பைட் உளி நன்றாக ஓடுகிறது. ஒரு நாள் காலையில் மண்டியில் இருக்கும்போது அவருடைய அழைப்பு வந்தது. வெளியே லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது, மனைவி அங்கே நின்று கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அதனால் நானும் கத்திப் பேசினேன். நான் பேசியது இதுதான்:

“கார்பைட் வந்துருச்சுப்பா. வச்சுப் பாத்துட்டேன். நாலு மூலையிலயும் மாத்தி மாத்தி வச்சாச்சு, ஒண்ணும் வேலைக்கு ஆகலை. பொகைதான் வருது. லேசாக் கறுத்துப்போகுது. ஒன்னுது மட்டும் எப்படி நல்லா வேலை செய்யுது, நீ எங்க வாங்குன? இன்னொரு டப்பா சொல்லியிருக்கேன். வீட்ல சொல்லலை, தெரிஞ்சா வையும்.”

மண்டிக்குள் அப்போது சில்லறைக்குப் பழம் எடுக்கிற பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்தில் கூறுகட்டி விற்பவர்கள், தெருத்தெருவாகக் கூடை சுமப்பவர்கள். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துப் பக்கம் வீடுவீடாக மாம்பழம் விற்கிற ஓர் அம்மாவும் இருந்தார். அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. என் மனைவியை அக்கா என்பார், வயதில் மூத்தவர் அவர்தான். நான் பேசி முடித்தபோது அவர்கள் கைகள் நின்றிருந்ததைப் பார்த்தேன். வெயிலுக்குச் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்து, மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

முதலில் என் மனைவி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெகதாப்பட்டினத்துப் படகு ஏதாவது இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருக்கும், அங்கே பழம் வாங்குகிற மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றாள். ஆனால் பேருந்து நிலையத்துப் பெண்களும் வரவில்லையே, அவர்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எதிர் மண்டியில் கூட்டம் நின்றது. எங்கள் மண்டியில் வைக்கோலுக்குள் பழம் பழுத்துக்கொண்டே போனது. மாம்பழம் யாருக்காகவும் காத்திருக்காது. வாசனை தெருமுனை வரை வந்தது, ஆள்தான் வரவில்லை. நானும் எனக்குத் தெரிந்த காரணமெல்லாம் சொன்னேன். மழை என்றேன். முகூர்த்தம் என்றேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே அழுகல் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

அந்த மண்டி அவளுடைய அப்பா வைத்தது. அவர் போன பிறகு இவள் எடுத்து நடத்தினாள். எடுத்ததும் முதல் வேலையாக, ‘கல் வைக்காத பழம்’ என்று பலகை எழுதி வாசலில் மாட்டினாள். அந்தப் பேரை நம்பித்தான் அத்தனை பெண்களும் இங்கே எடுத்தார்கள். அதற்காக மற்றவர்களைவிட மெதுவாகப் பழுக்கவைத்து, மற்றவர்களைவிடத் தாமதமாக விற்று, கிடைப்பதைக் குறைத்துக்கொண்டவள் அவள். அந்தப் பேர் போனால் மண்டி போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஜெகதாப்பட்டினத்து அம்மா ஒருநாள் வெறுங்கூடையோடு வந்து வாசலிலேயே நின்றபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“உள்ள வாங்க” என்றாள் மனைவி.

“இருக்கட்டும்க்கா. கேட்டுட்டுப் போயிர்றேன். மண்டியில கல்லு வைக்கிறீங்களா?”

“யாரு சொன்னா?”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். “சார்தான் போன்ல சொன்னாரு.”

மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா நான் பேசியதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். நாலு மூலை, புகை, கறுத்துப்போகிறது, வீட்டில் சொல்லவில்லை. கேட்கக் கேட்க எனக்கே அது பழத்தைப் பற்றித்தான் இருப்பதாகத் தோன்றியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் தப்பாகப் போயிற்று. சிரிக்கிற விஷயமா இது என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு ஓடிப்போய் உளியையே எடுத்துவந்து, திருகைக் கழற்றி, வில்லையை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

“இதுதான்மா கார்பைட்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். “இது இரும்புல்ல சார்?”

“இரும்பு மாதிரி. ஆனா கார்பைட்தான்.”

“கல்லுன்னா தண்ணி பட்டாப் பொங்கும். இது பொங்குமா?”

“பொங்காது. இது வேற கார்பைட். கார்பைட்ல நிறைய தினுசு இருக்கு.”

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டவர்களை அப்படியே விட்டுவிட எனக்கு வராது. சுண்ணாம்போடு சேர்ந்தது ஒன்று, உலோகத்தோடு சேர்ந்தது இன்னொன்று என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மனைவியிடம் சொன்னார்: “அப்ப ஏதோ ஒரு தினுசு இங்கதான் இருக்குக்கா.”

அவர் சண்டைக்கு வரவில்லை. “எனக்கு ஒங்கமேல நம்பிக்கைதான்” என்றார். “ஆனா வாங்குறவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டு தினுசு இருக்குன்னு விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா? நீங்க கருப்பர் கோயில்ல சூடம் அணைச்சு, எங்க வீட்டுக்கோ மண்டிக்கோ கார்பைட் வந்ததே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அக்கா சூடம் அணைச்சிருச்சுன்னு சொன்னா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க.”

எங்கள் பக்கத்தில் இது ஒரு முடிவு. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. பொய்யாக அணைத்தால் கருப்பர் பார்த்துக்கொள்வார்.

“காலையில வாரேன்” என்றாள் மனைவி.

நான் கொட்டகைக்கு வந்து வில்லையைத் திரும்பவும் மாட்டினேன். மனம் எங்கேயோ இருந்தது. மாட்டும்போது திருகின் தலை வில்லைக்குள் பதவிசாக இறங்கி உட்கார்ந்தது. இதுவரை அது வெளியே துருத்திக்கொண்டுதான் நின்றிருந்தது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இயந்திரத்தை ஓட்டி, சும்மா உளியை வைத்தேன். பலாக்கட்டை சுருள் சுருளாக உரிந்து என் சட்டைமேல் விழுந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அதே கம்பி, அதே கட்டை, அதே வில்லை. ஒன்றும் விளங்கவில்லை. கழற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வில்லைக்கு மேல் கீழ் உண்டு. அகலமான முகம் மேலே இருக்கவேண்டும். அப்போதுதான் விளிம்பு கட்டையில் படும். நான் இத்தனை நாளும் அதைக் கவிழ்த்து மாட்டிவிட்டு நாலு பக்கமும் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அம்மா கையில் புரண்டதில் அது தானாக நிமிர்ந்திருக்கிறது.

சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். “வெட்டுது” என்றேன்.

“சந்தோசம்” என்றாள். அவள் சொன்ன விதத்தில் நான் திரும்பவும் கொட்டகைக்கே போய்விட்டேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கோ மண்டிக்கோ கார்பைட் வந்ததே இல்லை. ஆனால் வந்திருக்கிறதே. மண்டி விலாசத்துக்குத்தான் வந்தது. வீட்டில்தான் இருக்கிறது. டப்பாவில் அச்சிட்டிருக்கிறது. நான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. சாமி இல்லை என்று அவளிடம் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். சாமியே இல்லை என்றால் அவள் எதைச் சொல்லி அணைத்தால் எனக்கென்ன? அப்படியானால் நான் ஏன் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? சாப்பிடும்போது அவளிடம், வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லேன் என்றேன்.

“அவங்க எப்படிக் கேக்கிறாங்களோ அப்படியே சொல்லிட்டு வந்துர்றேன். மாத்திச் சொன்னா அதுலயும் சந்தேகப்படுவாங்க.”

“ஆனா அது உண்மை இல்லையே.”

“நான் கல்லு வச்சேனா?”

“இல்லை.”

“அப்பறம் என்ன?”

அவள் சொல்வது சரி. நான் சொல்வதும் சரி. இரண்டு சரியும் எப்படி ஒரே வாக்கியத்துக்குள் இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

காலையில் கண்மாய்க்கரைக் கருப்பர் கோயிலுக்கு நானும் போனேன். பெண்கள் வந்திருந்தார்கள். எதிர் மண்டி ஆட்கள் இரண்டு பேர் தற்செயலாக வந்தவர்கள் மாதிரி மரத்தடியில் நின்றார்கள். மனைவி குளித்துவிட்டு ஈரத்தலையோடு இருந்தாள். படிக்கல்லில் சூடத்தை வைத்து ஏற்றினார்கள். அவள் முன்னால் போய் நின்று, தெளிவான குரலில் ஆரம்பித்தாள்.

“எங்க வீட்டுக்கோ மண்டிக்கோ கார்பைட்…”

கை சூடத்துக்கு மேல் போயிற்று. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் அவளுடைய மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன்.

“சொல்லாத” என்றேன். “வீட்ல கார்பைட் இருக்கு.”

மரத்தடியில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். சூடம் அணைப்பார் இல்லாமல் தானாகவே எரிந்து தீர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மனைவியின் பேரை, அவளுடைய அப்பாவின் மண்டியை, இந்தப் பருவத்தை, எல்லாவற்றையும் என் வாயாலேயே ஊர் முன்னால் கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆனாலும் கையை விட மனம் வரவில்லை.

அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“இன்னொரு சூடம் ஏத்துங்க” என்றாள்.

ஜெகதாப்பட்டினத்து அம்மாதான் ஏற்றினார். இந்தத் தடவை அவள் யாரையும் பார்க்கவில்லை.

“இந்த மனுசன் கட்டை கடையிறதுக்கு என்னத்தையோ வாங்கி வச்சிருக்காரு. அது பேரு கார்பைடாம். எனக்கு அந்த எழவெல்லாம் தெரியாது. நான் பழத்துக்குக் கல்லு வச்சதில்லை. வச்சிருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்.”

உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள்.

கூட்டம் உடனே கலையவில்லை. மரத்தடியில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஜெகதாப்பட்டினத்து அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “கூடை பஸ் ஸ்டாண்டுல இருக்கு. எடுத்துக்கிட்டு மண்டிக்கு வாரேன்க்கா” என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்குச் சிலர் வந்தார்கள். சிலர் அந்தப் பருவம் முழுக்க எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் தடுத்ததால் நம்பியவர்கள் யார், நான் தடுத்ததாலேயே நம்பாமல் போனவர்கள் யார் என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

திரும்பி வரும்போது கண்மாய்க்கரை முழுக்க அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். வேலிக்கருவை நிழலில் நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும். சாமியே இல்லைம்பீங்க. பொய்யாவே நான் அணைச்சிருந்தாலும் என்ன ஆயிருக்கும்? எதுக்கு வந்து கையைப் புடிச்சீங்க?”

வாக்கியம் தப்பு, அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“ஒனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயமாப் போச்சு” என்றேன்.

அவளுடைய உள்ளங்கை சூடத்தின் கரியால் கறுத்திருந்தது. நான் அதைப் பிடித்துப் பார்த்து, சுட்டுவிட்டதா என்று கேட்டேன்.

“சூடம் சுடலை” என்று மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். என் விரல்கள் பதிந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. “இதுதான் வலிக்குது.”

விடப்போனேன்.

“இருக்கட்டும், புடிச்சுக்கங்க” என்றாள்.